அகப்பையும் ஆறு திசைகளும்

ராஜகிருகத்தில் ஓர் அதிகாலை. சிகாலகன் என்ற இளைஞன் நகருக்கு வெளியே வருகிறான். குளித்த ஈரம் தலையிலும் உடையிலும் இன்னும் காயவில்லை. கைகூப்பிக் கிழக்கை வணங்குகிறான். பிறகு தெற்கு, மேற்கு, வடக்கு. அதோடு முடியவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் திசையையும் தலைக்கு மேலே இருக்கும் திசையையும் வணங்குகிறான். மூங்கில் வனத்தில் தங்கியிருந்த புத்தர் பிச்சைக்காக நகரத்துக்குள் வரும்போது அவனைப் பார்க்கிறார். எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறார். சாகும்போது அப்பா சொல்லிவிட்டுப் போனார், அவர் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்கிறான் சிகாலகன். அவனிடம் இருக்கும் ஒரே காரணம் அதுதான்.

பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தின் 31ஆம் உரையான சிகாலோவாத சூத்திரம் இப்படித் தொடங்குகிறது. துறவிகளுக்கு விநயம் இருப்பதுபோல் இல்லறத்தாருக்கு இதுவே விநயம் என்று தேரவாத மரபு கொண்டாடும் உரை இது. திசைகளை வணங்கு, ஆனால் இப்படியல்ல என்று சொல்லி, ஒவ்வொரு திசைக்கும் ஒரு மனித உறவைப் பொருளாக வைக்கிறார் புத்தர். கிழக்கு தாய் தந்தை. தெற்கு ஆசிரியர். மேற்கு மனைவி மக்கள். வடக்கு நண்பர்கள். கீழ்த்திசை அடிமைகளும் வேலையாட்களும். மேல்திசை துறவிகளும் பிராமணர்களும்.

ஒரு சடங்கின் பொருளை அடியோடு மாற்றிய இந்த உரையைப் பெண்ணிய நோக்கில் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு உணர்வுகள் ஒன்றாக எழுகின்றன. வானத்தை நோக்கிய கும்பிடு மனிதர்களை நோக்கித் திரும்புகிறதே என்ற மகிழ்ச்சி ஒன்று. ஆறு திசைகளுக்கும் நடுவில் நிற்பவன் யார் என்ற கேள்வி மற்றொன்று. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

திசைகளும் காவலர்களும்

சிகாலகனின் வணக்கம் எந்தத் தெய்வங்களுக்கானது என்று சூத்திரம் சொல்வதில்லை. ஆனால் திசை வணக்கம் வட இந்தியாவில் அதற்கு முன்பே இருந்தது. அதர்வ வேதத்தில் ஆறு திசைகளுக்கும் ஆறு அதிபதிகளைப் பெயர் சொல்லிக் காவல் வேண்டும் பகுதி ஒன்று உண்டு. கிழக்குக்கு அக்னி, தெற்குக்கு இந்திரன், மேற்குக்கு வருணன், வடக்குக்கு சோமன், கீழுக்கு விஷ்ணு, மேலுக்குப் பிரகஸ்பதி. பகை எந்தத் திசையிலிருந்தும் வரலாம், ஆகவே ஒவ்வொரு திசைக்கும் ஒரு காவல் வேண்டும். சடங்கின் அடியில் இருப்பது அச்சம்.

பிற்காலத்தில் இந்த வரிசை எட்டுத் திக்குப் பாலகர்களாக நிலைபெற்றது. கோயில் சிற்பங்களில் நாம் பார்க்கும் எட்டுப் பேரும் ஆண்கள். அவர்களில் தென்மேற்கைக் காப்பவர் நிருதி; வாளேந்தி மனித வாகனத்தில் வருபவர். ஆனால் ரிக் வேதத்தில் நிருதி ஒரு பெண் தெய்வம். அழிவுக்கும் கேட்டுக்கும் உரியவள் என்று அஞ்சி, தூரப் போய்விடு என்று வேண்டப்பட்டவள். அஞ்சி விலக்கப்பட்டபோது பெண்ணாக இருந்த தெய்வம், காவல் பதவி கிடைத்தபோது ஆணாகிவிட்டது. மனையடி பார்ப்பவர்கள் நிருதி மூலை என்று சொல்லும்போது அங்கே ஒரு பெண் இருந்தாள் என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

திசைகளின் பெயர்களையும் பார்க்க வேண்டும். பாலியிலும் சமஸ்கிருதத்திலும் அவை சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நிற்கும் ஓர் உடம்பிலிருந்து பிறந்தவை. கிழக்கின் பெயருக்கு முன்புறம் என்று பொருள். தெற்கைக் குறிக்கும் தட்சிணம், வலப்புறம். மேற்கைக் குறிக்கும் பச்சிமம், பின்புறம். தமிழில் அப்படியல்ல. மலைத்தொடரிலிருந்து சரிந்து கடலுக்கு இறங்கும் நிலத்தில் மேடான பக்கம் மேற்கு, கீழான பக்கம் கிழக்கு. நம் சொற்களில் திசை நிலத்துக்குரியது. யார் நின்று பார்த்தாலும் மேடு மேடுதான். உடம்பிலிருந்து பிறக்கும் திசைகளுக்கு மட்டும் அந்த உடம்பு யாருடையது என்ற கேள்வி எழும்.

அச்சத்திலிருந்து கடமைக்கு

புத்தர் செய்த மாற்றத்தின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறு திசைகளில் ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு பட்டியல்கள் தருகிறார். மகன் பெற்றோருக்குச் செய்ய வேண்டியவை ஐந்து. பெற்றோர் மகனுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து. மாணவன் ஆசிரியருக்கு ஐந்து; ஆசிரியர் மாணவனுக்கு ஐந்து. இப்படியே கணவனும் மனைவியும், நண்பனும் நண்பனும், எசமானனும் வேலையாளும். துறவிகளின் பங்கில் மட்டும் கடமை ஆறு. ஒருவர் மட்டும் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கும் உறவு ஒன்றுகூட இதில் இல்லை. இந்தக் கடமைகளைச் செய்தால் அந்தந்தத் திசை பாதுகாப்பாகவும் அச்சமற்றும் இருக்கும் என்பதே சூத்திரம் தரும் உறுதி.

அதர்வ வேதம் தேடிய பாதுகாப்பும் இதுவே. ஆனால் அதைத் தருபவர்கள் மாறிவிட்டார்கள். உன் திசைகளைக் காப்பது வருணனோ இந்திரனோ அல்ல, நீ உன் மனைவியையும் வேலையாளையும் நடத்தும் விதம் என்கிறது சூத்திரம். பலியும் மந்திரமும் இல்லாத இந்தச் சடங்கு, வீட்டுக்குள் நடக்கும் அநியாயத்தைத் திசை தவறிய வழிபாடாக ஆக்கிவிடுகிறது. சாதாரண மாற்றமல்ல இது.

ஆனால் நடுவில் நிற்பவனைக் கவனியுங்கள். பெற்றோரின் ஐந்து கடமைகளில் ஒன்று பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது. இன்னொன்று தக்க மனைவியைச் சேர்த்துவைப்பது. மற்றொன்று உரிய காலத்தில் சொத்தை ஒப்படைப்பது. மனைவி தேடித்தரப்படும் பிள்ளை மகன்தான். மகளுக்கு இந்த வரைபடத்தில் தனி இடம் இல்லை. பெண்கள் இல்லாமலும் இல்லை. கிழக்கில் தாயாக, மேற்கில் மனைவியாக, கீழே அடிமைப் பெண்ணாக அவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெண் தன் வாழ்நாளில் இந்த மூன்று திசைகளிலும் நிற்க நேரலாம். நடுவில் நின்று தன்னுடைய ஆறு திசைகளை எண்ணிப் பார்க்கும் இடம் மட்டும் அவளுக்குத் தரப்படவில்லை.

மேற்கு எனும் பின்புறம்

ஏன் மனைவிக்கு மேற்கு? கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து உரைகள் எழுதிய புத்தகோசர் இதற்கு விளக்கம் தருகிறார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் நூல்முடிவுக் குறிப்பிலேயே சொல்லும் இவர் தமிழ்நிலத்துக்கு அந்நியரல்லர். பெற்றோர் நமக்கு முன்பே உதவியவர்கள், ஆகவே முன்திசையான கிழக்கு. ஆசிரியர் தட்சிணை பெறத் தக்கவர், ஆகவே தட்சிணமான தெற்கு. நண்பர்களின் துணையால் துன்பங்களைக் கடக்கிறோம், கடத்தல் என்ற பொருளுள்ள உத்தரம் அவர்களுக்கு. வேலையாட்கள் காலடியில் இருப்பவர்கள், ஆகவே கீழ். மனைவியும் மக்களும் பின்னால் வருபவர்கள், ஆகவே பின்திசையான மேற்கு. சொல் விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் மனைவி பின்னால் வருபவள் என்பதைத் திசையின் இலக்கணமாகவே ஆக்கிவிடுகிறது இந்த விளக்கம்.

இத்தனைக்கும் மூலச் சூத்திரம் கணவனுக்கு இடும் ஐந்து கடமைகள் அந்தக் காலத்துக்கு வியப்பானவை. மனைவியை மதிக்க வேண்டும். அவமதிக்கக் கூடாது. அவளை விட்டு வேறு பெண்ணிடம் போகக் கூடாது. அதிகாரத்தை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். அணிகலன்கள் தர வேண்டும். கற்பைப் பெண்ணிடம் மட்டும் கேட்ட சமூகங்களுக்கு நடுவே, அதை ஒரே சொல்லால் கணவன் மனைவி இருவரிடமும் கேட்கிறது இந்தப் பட்டியல்.

நான்காவது கடமையில் வரும் பாலிச் சொல் இஸ்ஸரியம். ஈஸ்வரன் என்பதிலிருந்து பிறந்தது. ஆளும் தன்மை, தலைமை என்று பொருள். இதன் சமஸ்கிருத வடிவம்தான் நாம் அறிந்த ஐஸ்வர்யம். பெண் குழந்தைகளுக்குப் பெயராகவும் வைக்கிறோம். தமிழில் அது செல்வம் என்று சுருங்கிவிட்டது. சூத்திரத்தில் அதன் பொருள் ஆளுகை. கணவன் தன் ஆளுகையை மனைவியிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்த இடத்தில் புத்தகோசரின் உரை என்ன செய்கிறது என்று பாருங்கள். பெண்களுக்கு மகாலதையைப் போன்ற பெரிய அணிகலனே கிடைத்தாலும் சாப்பாட்டு நிர்வாகம் கையில் இல்லையென்றால் கோபம் வந்துவிடும் என்கிறார். ஆகவே கையில் அகப்பையைக் கொடுத்து, உன் விருப்பப்படி செய் என்று சமையல்கட்டை விட்டுவிட்டால் முழு அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்ததாக ஆகும் என்பது அவர் விளக்கம். ஆளுகை என்ற சொல் அகப்பையாகச் சுருங்குவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சூத்திரத்தில் எல்லை சொல்லப்படாத அதிகாரம் உரையில் அடுப்பங்கரையோடு நின்றுவிட்டது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அகப்பை யார் கையில் என்பதை மட்டும் பேசினால், சட்டியில் என்ன இருக்க வேண்டும், அரிசி வாங்கும் பணம் யாருடையது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகள் மறைந்துவிடும். வீட்டில் மதுரை ஆட்சி, எல்லாம் அம்மாதான் என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்களில் அம்மாவின் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருக்காது. அந்தப் பேச்சின் வேர் மிகப் பழையது.

புத்தகோசர் எடுத்துக்காட்டாகச் சொன்ன மகாலதைக்கும் ஒரு கதை உண்டு. அது விசாகை திருமணத்தின்போது தந்தை கொடுத்த அணி; தலை முதல் கால்வரை வருவது. தம்மபத உரையில் அவள் கதை விரிவாக வருகிறது. மாமனார் மிகாரர் அவள்மேல் குற்றம் சுமத்தி வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறார். இப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்த தந்தை எட்டுக் குடும்பத் தலைவர்களை முன்பே பொறுப்பாளர்களாக நியமித்திருந்தார். அவர்கள் முன்னால் விசாகை தன் வழக்கைத் தானே பேசி வெல்கிறாள். பிறகு ஒரு நாள் மகாலதையை விகாரையில் மறந்து விட்டுவருகிறார்கள். திரும்ப எடுத்து அணிய அவளுக்கு மனமில்லை. விற்க முன்வருகிறாள். வாங்கும் வசதி ஊரில் யாருக்கும் இல்லை. ஒன்பது கோடிக்கு மேலான அந்த விலையைத் தானே கொடுத்து, அந்தப் பணத்தில் சாவத்தி நகரின் கிழக்கே பெரிய விகாரை ஒன்றைக் கட்டுகிறாள். அதன் பெயர் பூர்வாராமம், கிழக்குச் சோலை.

அணிகலனை அகப்பையோடு எடைபோட்ட உரையாசிரியருக்கு அவர் மரபின் கதையே பதில் சொல்லிவிடுகிறது. நகை பெண்ணின் உடம்பில் இருப்பது வேறு, அதை என்ன செய்வது என்ற முடிவு அவள் கையில் இருப்பது வேறு. இரண்டாவதுதான் இஸ்ஸரியம். இருந்தும் அந்த விகாரையின் மாளிகைக்கு வழங்கிய பெயர் மிகாரமாதாவின் மாளிகை. மாமனார் அவள் வழியாகப் புத்தரின் நெறிக்கு வந்து அவளைத் தாய் என்று அழைத்தாராம். கட்டியவள் அங்கும் ஓர் ஆணின் தாய் என்றே அறியப்பட்டாள்.

கீழ்த்திசையின் குரல்

மேற்குக்கும் கீழ்த்திசைக்கும் நடுவே உள்ள கோட்டையும் உற்றுப் பார்க்க வேண்டும். சிகாலோவாத சூத்திரத்தில் மனைவியின் ஐந்து கடமைகள்: வேலைகளை ஒழுங்குசெய்தல், வீட்டுப் பரிவாரத்தை அரவணைத்தல், பிற ஆணிடம் போகாமை, ஈட்டியதைக் காத்தல், சோம்பலின்றித் திறமையாக நடத்தல். எசமானுக்கு முன் எழுந்து அவருக்குப் பின் படுப்பது மனைவியின் பட்டியலில் இல்லை. வேலையாட்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆனால் அங்குத்தர நிகாயத்தில் உக்ககர் என்ற செல்வரின் வீட்டில், கணவன் வீடு போகவிருக்கும் அவர் மகள்களுக்கு புத்தர் அறிவுரை சொல்வதாக ஓர் உரை உண்டு. அங்கே கணவனுக்கு முன் எழுவதும் அவனுக்குப் பின் படுப்பதும் மனைவியின் முதல் கடமையாக நிற்கின்றன. வேலையாளுக்குச் சொன்ன அதே சொற்கள். வேலையாளுக்கு அதற்கு ஈடாக ஐந்து உரிமைகள் இருந்தன: உடல் வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, அரிய பண்டங்களில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. உக்ககரின் மகள்களுக்கான உரையில் கணவனின் கடமை என்று எதுவும் இல்லை. ஒரே மரபுக்குள் இரண்டு உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேற்கு மெல்லக் கீழே சரிவது தெரிகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டுப் பரிவாரத்தை நடத்துவது மனைவியின் வேலை என்றால், கீழ்த்திசையில் இருக்கும் பெண்ணுக்கு நேரடி எசமானி அவள்தான். தேரிகாதையில் புண்ணிகையின் பாடல் இதைச் சொல்கிறது. தண்ணீர் சுமக்கும் அடிமைப் பெண் அவள். கடுங்குளிரிலும் ஆற்றில் இறங்குகிறாள். எசமானிகளின் கோலுக்கும் ஏச்சுக்கும் பயந்துதான் இறங்குகிறேன் என்று அவளே சொல்கிறாள். அகப்பை பிடித்த கை கோலும் பிடிக்கும். சமையலறை அதிகாரத்தை விடுதலை என்று நினைக்கும் முன் புண்ணிகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆற்றில் ஒரு பிராமணர் பாவம் போக நீரில் மூழ்கிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். புண்ணிகை அவரிடம் காரணம் கேட்கிறாள். நீரில் குளித்தால் பாவம் போகும் என்றால் தவளையும் ஆமையும் முதலையும் சொர்க்கம் போக வேண்டுமே, நீர் பாவத்தைக் கொண்டுபோனால் புண்ணியத்தையும் சேர்த்தல்லவா கொண்டுபோகும் என்று வாதிடுகிறாள். பிராமணர் சடங்கைக் கைவிடுகிறார்.

ராஜகிருகத்துக் காட்சியோடு இதைச் சேர்த்து வாசிக்கலாம். இரண்டிலும் அதிகாலை நனைந்த உடம்போடு ஓர் ஆண் தான் யோசித்துப் பார்க்காத சடங்கைச் செய்கிறான். இரண்டிலும் ஒரு கேள்வி அவனை நிறுத்துகிறது. அங்கே கேட்டவர் புத்தர். இங்கே கேட்டவள் கீழ்த்திசையில் வைக்கப்பட்ட அடிமைப் பெண். சடங்கின் பொருளைக் கேட்கும் உரிமையை யாரும் அவளுக்குத் தரவில்லை. வேலைக்கு நடுவே அவளே எடுத்துக்கொண்டாள்.

சீனத்துக்குப் போன திசைகள்

சிகாலகன் கதை பாலியில் மட்டும் தங்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சீனத்துக்கு வந்த அன் ஷிகாவ் பெயரில் வழங்கும் ஒரு சீன மொழிபெயர்ப்பும் உண்டு. அதில் கணவனின் கடமைகள் பெரும்பாலும் பாலியை ஒட்டியே இருக்கின்றன. வீட்டிலுள்ளதை மனைவியிடம் ஒப்படைப்பதும் இருக்கிறது. ஆனால் மனைவியின் பட்டியல் வேறாகிவிட்டது. கணவன் வெளியிலிருந்து வந்தால் எழுந்து வரவேற்க வேண்டும். அவன் இல்லாதபோது சமைத்துப் பெருக்கிக் காத்திருக்க வேண்டும். அவன் திட்டினால் எதிர்த்துத் திட்டவோ முகம் சுளிக்கவோ கூடாது. வேலைகளை ஒழுங்குசெய்யும் திறமைக்காரி மறைந்து, காத்திருக்கும் பெண் வந்துவிட்டாள்.

ஒரு சடங்கின் பொருள் மூலநூலில் உறைந்து கிடப்பதல்ல என்பதற்கு இது நல்ல சான்று. உரை எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் தங்கள் ஊரின் குடும்பத்தை அதற்குள் கொண்டுவருகிறார்கள். பெண்ணின் பட்டியலில் பணிவு கூடுகிறது, அவளுக்குத் தர வேண்டியது சுருங்குகிறது. அனுராதபுரத்தில் அகப்பை; சீனத்தில் முகம் சுளிக்காத மனைவி.

கிழக்கில் இருந்த தாய்

இனி சிகாலகனின் வீட்டுக்குத் திரும்புவோம். சூத்திரத்தில் அவன் தந்தையின் சொல்லை மட்டும் சொல்கிறான். தாய் எங்கே? புத்தகோசரின் உரையில் பெற்றோர் இருவரும் புத்தரிடம் பற்றுள்ளவர்கள். மகனைத்தான் அவரிடம் அழைத்துப்போக முடியவில்லை. என்றாவது புத்தர் கண்ணில் படட்டும் என்று எண்ணித் தந்தை இறக்கும்போது திசை வணக்கத்தைச் சொல்லிவைத்தார் என்கிறது அந்த உரை. தந்தையின் திட்டம் பலித்த கதையாக அது முடிகிறது.

அங்குத்தர நிகாயத்தில் சிறந்த பிக்குணிகள் என்று 13 பேரின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கடைசிப் பெயர் சிகாலகமாதா. நம்பிக்கையில் உறுதிகொண்டவர்களில் முதன்மையானவள். சிகாலகனின் தாய் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அவளுடைய சொந்தப் பெயர் அங்கே இல்லை. ஆனால் அபதானம் என்னும் தொகுப்பில் பிக்குணிகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதாக அமைந்த செய்யுள்களில் அவளுடையதும் இருக்கிறது. தன் மகன் திசைகளை வணங்கிக்கொண்டிருந்ததையும், வழியில் நின்று புத்தர் அவனுக்கு அறிவுரை சொன்னதையும் அவள் சொல்கிறாள். அப்போது ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் கூடுகிறது. தானும் அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டதாகவும், ஞானத்தின் முதல்படியை எட்டியதாகவும், வீட்டை விட்டுத் துறவு பூண்டதாகவும் சொல்கிறாள்.

இந்தச் செய்யுளைச் சூத்திரத்தோடு சேர்த்து வாசித்தால் காட்சியே மாறுகிறது. பேச்சு மகனுக்கானது. அதில் அவள் கிழக்கு. மகன் பேணிக் காப்பாற்ற வேண்டிய ஒரு திசை. கூட்டத்தில் நின்ற அந்தப் பெண் தன்னைத் திசையாக எண்ணிக்கொள்ளவில்லை. கேட்பவளாக எண்ணிக்கொண்டாள். மகனுக்குச் சொன்னதைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மகன் நடுவில் நிற்கும் அந்த வரைபடத்தை விட்டே வெளியேறினாள். சூத்திரத்தின் முடிவில் மகன் இல்லறத்து அடியவனாகிறான். தாய் அதைக் கடந்து போய்விட்டாள்.

துறவுதான் பெண்ணுக்கு வழி என்று நான் சொல்லவரவில்லை. சங்கத்திலும் பிக்குணிகள் பிக்குகளுக்குக் கீழாகவே வைக்கப்பட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கேட்கும் முறை. தனக்கு எழுதப்படாத உரையைத் தன்னுடையதாகக் கேட்ட முதல் வாசகி அவள்.

சட்டியும் சட்டமும்

நவீன காலத்தில் இந்தச் சூத்திரத்தை மறுபடி பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் அம்பேத்கர் முக்கியமானவர். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இல்லறத்தாருக்கான விநயம் என்ற பகுதியில் சிகாலகனுக்கான அறிவுரையைச் சேர்த்திருக்கிறார். இந்துப் பெண்ணின் வீழ்ச்சிக்குப் புத்தர் காரணமல்ல, மனுவின் சட்டமே காரணம் என்று 1951இல் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பெண்களுக்குச் சொத்துரிமையும் மணமுறிவு உரிமையும் தரவிருந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நின்றுபோனதை ஒட்டி அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இஸ்ஸரியத்தை அகப்பையாக வாசிக்காமல் சொத்துரிமையாகச் சட்டத்தில் எழுத முயன்றவர் என்று அவரை நான் பார்க்கிறேன்.

அந்த எழுத்து இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டில் மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் சம பங்கு 1989இல் வந்தது. இந்தியா முழுவதற்கும் 2005இல். சிகாலோவாத சூத்திரம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த இலங்கையில், யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் சீதன நிலம் பெண்ணுக்கே சொந்தம். ஆனால் அந்த நிலத்தை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. நூறு ஆண்டுகள் கழித்து, போரில் கணவன் காணாமல்போன பெண்கள் தங்கள் சொந்தக் காணியைக் கையாள அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது என்று நின்றார்கள். அகப்பை மட்டுமல்ல, சட்டியும் அவர்களுடையது. ஆனாலும் ஆளுகை இல்லை.

கீழ்த்திசையின் கணக்கும் தீரவில்லை. வலிமைக்கேற்ற வேலை, கூலி, நோயில் கவனிப்பு, ஓய்வு என்று சூத்திரம் சொன்னவற்றைத்தான் 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வீட்டுவேலைத் தொழிலாளர் உடன்படிக்கை சட்ட மொழியில் கேட்டது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அதில் ஒன்று. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த ஒரு நாள் கிடைக்கிறது என்பதை வாசகிகளாகிய நாமே எண்ணிப் பார்க்கலாம்.

திசைகளை வணங்குவதன் பொருள் என்ன என்று மாணவிகள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். நீ எங்கே நிற்கிறாய், உன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ எதைக் கடன்பட்டிருக்கிறாய், அவர்கள் உனக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது அந்தச் சடங்கு. ராஜகிருகத்தில் அந்தக் கணக்கு ஓர் ஆணுக்குச் சொல்லப்பட்டது. அதை ஒரு பெண் நடுவில் நின்று பார்த்தால் மேற்கில் கணவன் இருப்பான், கிழக்கில் சொத்தை மகனுக்கு மட்டும் தந்த பெற்றோர் இருப்பார்கள், கீழே இன்னொரு பெண் இருப்பாள். மூன்று பக்கமும் வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்று அவள் கேட்க வேண்டியிருக்கும். வரவேண்டியதைக் கேட்கப் பெரும்பாலும் நாம் கற்றுவருகிறோம். கீழே இருக்கும் பெண்ணுக்குத் தரவேண்டியதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஆறு திசைகளும் அச்சமற்றவை ஆகும்.